குளிர் வாடகை, சூட்டு வாடகை

வாடகை வீட்டுக்குக் குடி போகிறோம் என்றால் நம் ஊர்ப் பெண்கள் முதலில் என்ன பார்ப்போம்? குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்ப்போம். அடுத்தபடியாக நேரே சமையற்கட்டுக்குள் நுழைந்து, புகை போக வழி இருக்கிறதா, மளிகைச் சாமான் வைக்க அலமாரி போதுமா என்று நோட்டம் விடுவோம். மற்றதெல்லாம் அப்புறந்தான். ஜெர்மனியில் ஸ்டட்கார்ட் என்கிற ஊரில், 2023 பிப்ரவரி மாதக் கடுங்குளிரில், நான் குடியேறிய வீட்டில் தண்ணீர் தாராளமாக வந்தது. சமையற்கட்டுத்தான் இல்லை.

"அது எப்படி இல்லாமல் இருக்கும்?" என்று கேட்பீர்கள். அறை என்னவோ இருந்தது. நாலு சுவர், ஒரு ஜன்னல், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த குழாய் முனைகள். மேடை கிடையாது, பாத்திரம் துலக்கும் தொட்டி கிடையாது, அடுப்பு கிடையாது. அண்ணாந்து பார்த்தால் விளக்குக்குப் பதில் வெறும் கம்பிகள் எட்டிப் பார்த்தன. இந்த நாட்டில் பல இடங்களில் வழக்கமே அப்படித்தானாம். குடியிருப்பவர் காலி செய்யும்போது சமையற்கட்டையும் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். இல்லாவிட்டால், அடுத்து வருகிறவரிடம் விலை பேசி விட்டுப் போவார். எங்களுக்கு முன்னால் இருந்த மனிதர் முதல் ரகம். விளக்குகளைக்கூட விட்டுவைக்கவில்லை.

வாடகை விஷயமும் ஒரு வேடிக்கைதான். இங்கே வாடகை இரண்டு வகை: குளிர் வாடகை, சூட்டு வாடகை. குளிர் வாடகை என்பது வெறும் வீட்டுக்கு. அதோடு வீட்டைச் சூடாக்கும் செலவு, தண்ணீர், குப்பை, மாடிப்படி விளக்கு எல்லாவற்றையும் சேர்த்தால் சூட்டு வாடகை. மின்சாரத்துக்குப் பெரும்பாலும் தனிக் கணக்கு. முன்பணமாகக் குளிர் வாடகையைப் போல் மூன்று மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதையும் மூன்று தவணையாகக் கொடுக்கலாம். சென்னையில் பத்து மாத வாடகையை எண்ணி வைத்துவிட்டு வந்த எங்களுக்கு இது தர்ம ராஜ்யமாகத் தோன்றிற்று. சமையற்கட்டின் விலையைக் கேட்கும் வரையில் அப்படித்தான் தோன்றிற்று!

புதிதாக வாங்கிப் பொருத்துவதென்றால் பல ஆயிரம் யூரோ. அதுவும் வந்து சேர மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டும். கடைசியில் வேறு பேட்டையில் வீட்டைக் காலி செய்த ஒருவரிடம் பழைய சமையற்கட்டு ஒன்றை வாங்கி, அறையின் அளவுக்கு அறுத்துப் பொருத்துவதற்குள் ஆறு வாரம் ஓடிவிட்டது. அந்த ஆறு வாரமும் ஒரே ஒரு மின்சார அடுப்பை அட்டைப் பெட்டி மேல் வைத்துச் சமையல் செய்தேன். பாத்திரமெல்லாம் குளியல் தொட்டியில். துலக்கி முடித்து, தொட்டியைத் தேய்த்துக் கழுவிவிட்டு, அதிலேயே குழந்தையைக் குளிப்பாட்டுவேன். ரசவாடை போகவில்லை என்று என் கணவர் சொல்வார். குழந்தை ஒன்றும் சொல்லமாட்டாள்.

அவள் ஒன்றும் சொல்லாததுதான் எனக்குப் பெரிய கவலை. அதைப் பிற்பாடு சொல்லுகிறேன். அதற்கு முன் எங்கள் பெயர் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

இங்கே கட்டடத்துக்கு இலக்கம் உண்டு. அதற்குள் இருக்கிற எட்டு ஜாகைகளுக்கும் தனித்தனி இலக்கம் கிடையாது. வாசலில் அழைப்பு மணியின் பக்கத்திலும், தபால் பெட்டியிலும் குடும்பப் பெயர் எழுதியிருக்கவேண்டும். இல்லையென்றால் கடிதம் வந்த வழியே திரும்பிப் போய்விடும். நமக்கேது குடும்பப் பெயர்? என் கணவரின் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அவருடைய தகப்பனார் பெயர் இருக்கிறது. என்னுடையதிலும் குழந்தையினுடையதிலும் என் கணவரின் பெயர். ஆக, ஒரே குடும்பத்துக்கு இரண்டு குடும்பப் பெயர். குடி வந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் விலாசத்தைப் பதிவு செய்யவேண்டும் என்பது இங்கே சட்டம். அங்கிருந்த அம்மாள் மூன்று பாஸ்போர்ட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "நீங்கள் இருவரும் கல்யாணம் ஆனவர்கள்தானா?" என்று மட்டும் கேட்கவில்லை. பார்வை கேட்டது. கல்யாணப் பத்திரத்தை எடுத்து நீட்டினோம்.

இதன் பலன் என்ன தெரியுமா? என் மாமனார் தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மதுரைக்கு வடக்கே போனதில்லை. 2016ல் காலமானார். இப்போது ஸ்டட்கார்ட்டில் மோட்டார் உதிரிபாகக் கம்பெனியில் எஞ்சினீயராக உத்தியோகம் பார்க்கிறார்! ஆபீசில் எல்லோரும் என் கணவரை அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். "நாள் முழுக்க அப்பாவை யாரோ கூப்பிடுகிற மாதிரியே இருக்கிறது" என்று ஒரு நாள் ராத்திரி சொல்லிவிட்டு, சற்று நேரம் பேசாமல் இருந்தார். என் கதையோ வேறு. என் மாமியார் ஐம்பது வருஷம் புருஷன் பெயரை வாயால் சொன்னதில்லை. சொல்ல நேர்ந்தால் ஜாடை காட்டுவார்கள். நான் பல் டாக்டரிடம் நேரம் குறித்துக் கேட்பதற்குக்கூட, என் புருஷன் பெயரை என் பெயராக ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிச் சொல்லவேண்டியிருக்கிறது.

ஊரைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். ஸ்டட்கார்ட் ஒரு பெரிய கிண்ணத்துக்குள் இருக்கிறது. சுற்றிலும் குன்றுகள், சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள், குன்றேற நானூறுக்கு மேற்பட்ட படிக்கட்டுப் பாதைகள். 1956ல் கட்டிய 217 மீட்டர் டெலிவிஷன் கோபுரம் ஒன்று எங்கே நின்றாலும் தலை காட்டும். 1886ல் டைம்லர் தம் நாலு சக்கர மோட்டார் வண்டியை ஓட்டியதும், அதே வருஷம் ராபர்ட் பாஷ் தம் பட்டறையைத் திறந்ததும் இங்கேதான். ஆனால் பாளையங்கோட்டைக்காரியான எனக்கு இதையெல்லாம்விட வேறொரு சமாசாரந்தான் மயிர்க்கூச்செறியச் செய்தது. மலையாள அகராதி எழுதிய ஹெர்மன் குண்டர்ட் இந்த ஸ்டட்கார்ட்டில் 1814ல் பிறந்தவர். 1836ல் இந்தியாவுக்குக் கப்பலேறி வந்து, தமிழ் கற்று, மலையாள தேசம் போவதற்கு முன்னால் எங்கள் திருநெல்வேலிச் சீமையில் இருந்திருக்கிறார்! பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸே இவருடைய மகள் வயிற்றுப் பேரன். நம் சித்திரை வெயிலில் அந்த மனிதர் எந்தச் சமையற்கட்டைத் தேடினாரோ என்று நினைத்துக்கொள்வேன்.

குடியேறி மூன்றாம் வாரம், எங்கள் கதவுக் கைப்பிடியில் ஒரு சின்னப் பலகை தொங்கியது. யாரோ மறந்து மாட்டிவிட்டார்கள் போலும் என்று என் கணவர் அதைக் கழற்றப் போனார். "இருங்கள், இருங்கள்" என்று தடுத்தேன். வாடகை ஒப்பந்தத்தை எழுத்துக் கூட்டிப் படித்து வைத்தவள் நானல்லவா? அதில் இருந்தது: 'கேர்வோகெ'. அதாவது, பெருக்கும் வாரம்.

ஸ்வாபியா என்கிற இந்தப் பிரதேசத்துக்கே பேர்போன முறை இது. குடியிருப்பவர்கள் முறை வைத்துக்கொண்டு வாரத்துக்கொருவராகப் பொது இடங்களைச் சுத்தம் செய்யவேண்டும். சின்ன முறை என்றால் நம் வீட்டு வாசலும், கீழ் மாடி வரையில் உள்ள படிகளும். பெரிய முறை என்றால் கட்டட வாசல், நடைபாதை, நிலவறை எல்லாம். பனி பெய்தால் பனியை வாரித் தள்ளுவதும் அதில் சேர்த்தி. முறை முடிந்ததும் பலகையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிடவேண்டும். 1492ஆம் வருஷத்து ஊர்ச் சட்டத்திலேயே இதற்கு வேர் இருப்பதாகச் சொல்கிறார்கள். நகர சபை 1988ல் கட்டாயத்தை எடுத்துவிட்டது. ஆனால் வீட்டு ஒப்பந்தங்களிலிருந்தும், வீட்டுக்காரர்களின் மனத்திலிருந்தும் யார் எடுப்பது?

ஊரில் தெரிந்தவர்கள் இதைக் கேட்டுவிட்டு, "ஜெர்மனிக்குப் போய்ப் படி கூட்டுகிறாயா?" என்று சிரித்தார்கள். எனக்கு அதில் ஒரு குறையும் தோன்றவில்லை. விடிந்ததும் வாசல் தெளித்துப் பெருக்கி வளர்ந்தவர்கள் நாம். இங்கே எஞ்சினீயரும் பெருக்குகிறார். மூன்றாம் மாடியில் இருக்கிற வக்கீலம்மாளும் பெருக்குகிறாள். துடைப்பத்தை எடுத்தால் கௌரவம் போய்விடும் என்று யாரும் பயப்படவில்லை. நம் ஊர் அடுக்குமாடிகளில் இப்படி ஒரு பலகையை மாட்டிப் பார்த்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பலகைதான் முதலில் காணாமல் போகும்!

இப்போது குழந்தையின் விஷயத்துக்கு வருகிறேன்.

பாளையங்கோட்டையில் என் அம்மா அவளுக்கு வைத்த பெயர் 'ரேடியோ'. வாய் ஓயாது. ஐந்தே முக்கால் வயதில் விமானம் ஏறினாள். இங்கே வந்து ஒரு மாதத்துக்குள் ரேடியோ நின்றுவிட்டது. வீட்டுக்குள் எங்களோடு இரண்டொரு வார்த்தை பேசுவாள். கதவைத் தாண்டினால் அதுவும் இல்லை. விளையாடும் இடத்தில் மற்றக் குழந்தைகள் வந்து ஏதாவது கேட்டால் என் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். வருஷ நடுவில் வந்ததால் பாலர் பள்ளியில் இடமும் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்குமுன் நடக்கும் பரிசோதனைக்குப் போனோம். டாக்டரம்மாள் படங்களைக் காட்டி, நிறங்களைக் காட்டிக் கேட்டாள். குழந்தை உதட்டை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுப் பாஷையில் கேட்கச் சொன்னார்கள். நான் கேட்டேன். எனக்கும் பதில் இல்லை. "ஒரு வருஷம் தள்ளிப் போடலாமே" என்றாள் டாக்டரம்மாள், நல்ல எண்ணத்தோடுதான்.

அன்று இரவு அம்மா போனில் பேசினாள். "பிள்ளைய மட்டும் கூட்டிட்டு வந்துரு. நான் வளத்துக்கிடுதேன். நீ வேணும்னா திரும்பிப் போ" என்றாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. பேச்சை இழந்துவிட்டு ஒரு குழந்தை எந்த ஊரில் வாழ்ந்தால்தான் என்ன? இவரோடு பேசினேன். இவர் உத்தியோகத்துக்கு மூன்று வருஷம் கையெழுத்துப் போட்டிருந்தார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம்: தீபாவளி வரையில் பார்ப்பது. அதற்குள் குழந்தை வாய் திறக்காவிட்டால் நானும் அவளும் பாளையங்கோட்டைக்குத் திரும்பிவிடுவது. இவர் இங்கே தனியாக இருப்பது. சொல்வதற்கு எளிதாக இருந்தது. மறு நாள் காலையில் எழுந்தபோது, அத்தனை பாடுபட்டுப் பொருத்திய சமையற்கட்டைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

தரைத் தளத்தில் ஒரு கிழவி தனியாக இருந்தாள். எண்பத்தொரு வயது. வெள்ளை வெளேரென்று தலை, கறாரான முகம். குப்பையைப் பிரித்துப் போடுவதில் அவள்தான் எங்கள் கட்டடத்துக்குப் போலீஸ். மக்கும் குப்பை ஒரு தொட்டியில், காகிதம் ஒரு தொட்டியில், பிளாஸ்டிக் உறைகள் தனியே. கண்ணாடிப் புட்டிகளை நிறம் பார்த்துப் பிரித்துத் தெருக்கோடிப் பெட்டியில் போடவேண்டும், அதையும் ஞாயிற்றுக்கிழமையில் போடக் கூடாது, சத்தம் கேட்கும். இதையெல்லாம் வேறு சிலர் காகிதத்தில் எழுதி ஒட்டுவார்கள். அவள் நேரிலேயே வந்து தொட்டியைத் திறந்து காட்டிக் கற்றுக் கொடுத்தாள்.

ஸ்வாபியர்களின் பேச்சில் ஒரு விசேஷம். எதைச் சொன்னாலும் செல்லமாகக் கடைசியில் ஒரு 'லே' சேர்ப்பார்கள். வீடு என்பதற்கு 'ஹாய்ஸ்லே', சின்னப் பெண் என்பதற்கு 'மேட்லே', கொஞ்சம் என்பதற்கு 'பிஸ்லே'. திருநெல்வேலிக்காரியின் காதில் இது எப்படி விழுந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்! முதல் தடவை கேட்டபோது, யாரோ நம் ஊர்க்காரர் படியேறி வருகிறார் என்றே திரும்பிப் பார்த்தேன்.

மே மாதம் எங்கள் முறை வந்தது. நான் மேல்படியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். குழந்தை தன் சின்னத் துடைப்பத்தால் கீழ்ப்படிகளைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். கிழவி கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். "மேட்லே!" என்று கூப்பிட்டு, மூலையில் கிடந்த தூசியைச் சுட்டிக் காட்டினாள். குழந்தை விடுவிடென்று படியேறி என்னிடம் ஓடி வந்தாள். முகமெல்லாம் கோபம்.

"அம்மா! அந்த ஆச்சி என்னைய 'லே'ன்னு கூப்பிடுதாக! நான் என்ன ஆம்பிளைப் பயலா?"

மூன்று மாதத்துக்குப் பிறகு வந்த முழு வாக்கியம்! எங்கள் ஊரில் பையன்களைத்தான் 'லே' என்பார்கள். பெண்பிள்ளைக்கு 'ளா' என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கீழே போய், தெரிந்த அரைகுறை ஜெர்மனில் கிழவியிடம் விளக்கினேன். அவள் யோசித்தாள். பிறகு குழந்தையைப் பார்த்து, மிகவும் மரியாதையாக, "மேட்...ளா" என்றாள். 'ள' சரியாக வரவில்லை. குழந்தை திருத்தினாள். மறுபடியும் வரவில்லை. மறுபடியும் திருத்தினாள்.

அதன் பிறகு பலகை யார் கதவில் தொங்கினாலும் சனிக்கிழமை காலையில் இரண்டு பேரும் சேர்ந்துதான் படி பெருக்குவார்கள். ஒவ்வொரு படிக்கும் எண்ணுவார்கள். ஆச்சி "அய்ன்ஸ்" என்றால் குழந்தை "ஒண்ணு" என்பாள். "ட்ஸ்வாய்" என்றால் "ரெண்டு". ஆச்சிக்கு இருபது வரையில் தமிழில் எண்ணத் தெரிந்துவிட்டது. குழந்தையோ ஜெர்மனில் வாய் திறக்கவே இல்லை.

ஜூலையில் ஆச்சி மாவு பிழியும் அச்சு ஒன்றை எங்களுக்குக் கொடுத்தாள். 'ஸ்பெட்ஸ்லே' என்று இந்த ஊர்ப் பலகாரம். மாவும் முட்டையும் சேர்த்துப் பிசைந்து வெந்நீரில் பிழிவார்கள். நாங்கள் சைவம். அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இடியாப்பத்துக்குத் துளை பெரிது. ஆனால் காராச்சேவுக்கு? சொல்லி வைத்தாற்போல் இருந்தது! மாவுக்கும் பெருங்காயத்துக்கும் இலங்கைத் தமிழர் கடை இருக்கிறதே. 1983க்குப் பிறகு ஜெர்மனிக்கு வந்து சேர்ந்த ஈழத் தமிழர்கள் இல்லாவிட்டால் எங்களைப் போன்றவர்களுக்குக் கறிவேப்பிலை ஏது? அந்தக் கடைக்கார அக்கா குழந்தையின் கதையைக் கேட்டுவிட்டு, "ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. என்ரை மகளும் இப்பிடித்தான் ஒரு வருஷம் ஊமை மாதிரி இருந்தவ. இப்ப அவவின்ரை வாயை அடக்க ஏலாது" என்றாள். டாக்டரைவிட அந்த வார்த்தை எனக்குத் தெம்பாக இருந்தது.

டாக்டரம்மாள் சொன்னபடி தள்ளிப் போடாமல் செப்டம்பரில் முதல் வகுப்பில் சேர்த்தோம். அன்றைக்குப் புதுக் குழந்தைகள் எல்லோரும் ஆளுயரக் காகிதக் கூம்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போவார்கள். உள்ளே மிட்டாய், பென்சில், விளையாட்டுச் சாமான். வீட்டிலேயே செய்து கொடுப்பது வழக்கம். எங்கள் கூம்பில் காராச்சேவுப் பொட்டலமும் இருந்தது. அரிசியில் எழுத வைத்து, ஊருக்கெல்லாம் சுண்டல் கொடுக்கிறோமே நாம், அந்த மாதிரிதான் இதுவும். வாத்தியாரம்மாள் எங்களைத் தனியே கூப்பிட்டு, "புதுப் பாஷைக்குள் வருகிற குழந்தைகள் சில மாதம் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பது உண்டு. வீட்டில் உங்கள் பாஷையையே நிறையப் பேசுங்கள், கதை சொல்லுங்கள். ஜெர்மனை எங்களிடம் விட்டுவிடுங்கள்" என்றாள். இவர் அதற்கு முன் வாரம்தான் வீட்டில் ஜெர்மனிலேயே பேசவேண்டும் என்று சட்டம் போட்டிருந்தார். அன்றோடு ரத்து!

நானும் சும்மா இருக்கவில்லை. வந்து குடியேறுகிறவர்களுக்காக 600 மணி பாஷைப் பாடமும் 100 மணி நாட்டு நடப்புப் பாடமும் நடத்துகிறார்கள். அதில் சேர்ந்தேன். நானும் பெண்ணும் சாப்பாட்டு மேஜையின் இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதுவோம்.

அந்த வருஷம் தீபாவளி நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. வெடி வெடிக்க வழியில்லை. இந்த நாட்டில் வருஷப் பிறப்புக்கு மட்டுந்தான் பட்டாசு. அதற்கு முதல் நாள் செயின்ட் மார்ட்டின் திருநாள். குழந்தைகள் காகித லாந்தர் செய்து, விளக்கேற்றி, இருட்டில் பாடிக்கொண்டு தெருவில் ஊர்வலம் போவார்கள். எங்கள் பேட்டை ஊர்வலத்தில் நான் பின்னால் நடந்துகொண்டிருந்தேன். மனம் முழுக்க விமான டிக்கெட்டின் மேலேயே இருந்தது. முன்னால் போன ஒரு பையன் திரும்பி என் பெண்ணின் லாந்தரைக் காட்டி ஏதோ கேட்டான். அவள் நின்றாள். என் புடவையைத் தேடவில்லை. "நாளைக்கு எங்கள் வீட்டிலும் விளக்கு. நிறைய விளக்கு" என்றாள், ஜெர்மனில். அந்தப் பையன், "ஏன்?" என்றான். அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தவள் தெரு முடியும் வரையில் நிறுத்தவில்லை.

மறு நாள் எங்கள் வீட்டில் ஐந்து குழந்தைகளும் ஆச்சியும் இருந்தார்கள். டிக்கெட்டைப் பற்றி நானும் இவரும் பேசிக்கொள்ளவே இல்லை.

2024 ஜூன் மாதம் அம்மா வந்தாள். விருந்தாளியாக 90 நாள் தங்கலாம். வந்த மூன்றாம் நாளே படியில் தண்ணீர் தெளித்து, எங்கள் கதவு முன்னால் புள்ளிக் கோலம் போட்டுவிட்டாள். பெருக்கும் முறைக்காரர் நாங்கள் அல்ல, ஆச்சி. நான் பதறிக்கொண்டு வெளியே வருவதற்குள் ஆச்சி துடைப்பத்தோடு ஏறி வந்து நின்றுவிட்டாள். மாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அம்மாவும் விடவில்லை. இரண்டு பேரும் தத்தம் பாஷையில் பேசிக்கொண்டார்கள். நடுவில் என் பெண் நின்று, இந்தப் பக்கம் ஜெர்மனிலும் அந்தப் பக்கம் தமிழிலும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். கோலத்தில் ஆரம்பித்த பேச்சு, படியேறுகிற சிரமத்துக்குப் போய், அங்கிருந்து முழங்கால் வலிக்குப் போயிற்று. தைலத்துக்குப் போயிற்று. அரை மணி ஆயிற்று.

என் பெண் கதவுப் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, இவுக ரெண்டு பேரும் ஒண்ணையேதான் சொல்லுதாக. நான் விளையாடப் போகட்டுமா?"